கதையில் வந்த வாத்திமார்

தமிழில் உரைநடையாக எழுதப்பட்ட கதைகளில் வருகின்ற மிகப் பழைய வாத்திமாரில் ஒருவர் பரமார்த்த குரு. அவர் ஒரு சுத்த மடையர். சித்திரைப் புதுவருட மலரில் வாத்திமாரைப் பற்றி எழுத வெளிக்கிட்டுவிட்டு இப்படித் தொடங்குவது மரியாதை இல்லைத்தான். ஆனால் சரித்திரம் அங்கேதான் தொடங்குகிறது, நான் என்ன செய்ய?

எழுதியவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்து, தமிழ்நாட்டுக்கு வந்து தமிழ் படித்து, தேம்பாவணி பாடி, 1747இல் மறைந்தவர். அத்தனை பெரிய காவியம் பாடிய அதே கைதான் இந்தப் பகிடிக் கதையையும் எழுதியது. 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் என்ற வெள்ளைக்காரர் இதைத் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக லண்டனில் அச்சிட்டார். குருவுக்கு மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். ஆறு நித்திரையோ முழிப்போ என்று பார்க்கக் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தவர்கள் இவர்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பியவர்களும் இவர்களே. ஆற்றைக் கடந்து வந்தபிறகு ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணி, ஒரு ஆள் குறைகிறது, ஆறு கொண்டுபோய்விட்டது என்று ஒப்பாரி வைத்த கதை எங்களில் கனபேருக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

இரண்டாவது வாத்தியார் அடிக்கிற வாத்தியார். 1879இல் வெளிவந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரத்தை தமிழின் முதல் நாவல் என்பார்கள். அதில் பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு அடி விழக்கூடாது என்பதால், அவன் விடுகிற பிழைக்கு வேறொரு பையன் அடி வாங்குகிறான். வாத்தியாரும் அடிக்கிறார்! படிக்கும்போது சிரிப்பு வரும். சிரித்து முடிய, இது சிரிக்கிற விசயமா என்றும் வரும். வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்தவர். ஆருடைய பிழைக்கு ஆர் அடி வாங்குகிறார்கள் என்பதை நீதிமன்றத்தில் நிறையக் கண்டிருப்பார் போலும்.

அடிக்கிற வாத்தியாரை எழுதியவர்களில் என் மனதுக்குப் பிடித்தவர் ஆர். கே. நாராயணன். அவர் எழுதியது ஆங்கிலத்தில் என்றாலும் மால்குடி எங்கட ஊர்தான். அவருடைய ஒரு சிறுகதையில் சுவாமி என்ற பொடியன் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகப் பஞ்சிப்பட்டு, தலையிடி என்று சொல்லிப் பார்க்கிறான். தகப்பன் விடவில்லை. உடனே, சாமுவேல் மாஸ்ரர் பிள்ளையளை மிருகம் மாதிரி அடிக்கிறவர் என்று ஒரு பொய்யை அவிழ்த்து விடுகிறான். தகப்பனுக்குக் கோபம் வந்து தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதி இவன் கையிலேயே கொடுத்துவிடுகிறார். இப்போது சுவாமிக்குப் பிரச்சினை. சாமுவேல் உண்மையில் அப்படிக் கெட்டவரில்லை. கடிதத்தைக் கொடுக்க முதல் எப்படியாவது அவரிடம் அடி வாங்கிவிடவேண்டும் என்று குழப்படி செய்கிறான். அடி கிடைக்கிறது. கடிதத்தோடு ஓடிப்போனால் தலைமை ஆசிரியர் லீவு. உப தலைமை ஆசிரியரிடம் கொடு என்கிறார்கள். அது ஆர் என்றால், அந்தச் சாமுவேலேதான்! இரண்டாயிரம் பக்கத்தில் சொல்லமுடியாததை நாராயணன் நாலைந்து பக்கத்தில் சொல்லிவிட்டார். பிள்ளையின் மனதில் இருக்கும் வாத்தியார் வேறு, கதிரையில் இருக்கும் வாத்தியார் வேறு.

இனிப் படங்களுக்கு வருவோம். எம்மவரில் பெரும்பாலானோருக்கு வாத்தியார் கதை என்றால் படம்தானே.

1983 யூலையில் தமிழ்நாட்டில் பாக்கியராஜின் முந்தானை முடிச்சு வெளியானது. அந்த மாதம் எங்களுக்கு வேறு எதற்காக நினைவிருக்கிறது என்பதை இந்த மலரில் விளக்கத் தேவையில்லை. கைக்குழந்தையோடு கிராமத்துக்கு வருகிற, மனைவியை இழந்த வாத்தியார். ஊர்ப் பெட்டை ஒருத்தி பொய்ச் சத்தியம் செய்து அவரைக் கலியாணம் கட்டுகிறாள். மூன்று வருடம் கழித்து, 1986இல், பாரதிராஜாவின் கடலோரக் கவிதைகள். கடற்கரைக் கிராமத்துக்கு ஜெனிபர் ரீச்சராக ரேகா வருவார். சண்டியன் சின்னப்பதாஸ், அதாவது சத்யராஜ், அந்த ரீச்சரிடம் எழுத்துப் படிக்கத் தொடங்குவார். வளர்ந்த ஆம்பிளை ஒருவன் வெட்கத்தோடு அரிவரி படிக்கிறதைத் தமிழ்ப் படத்தில் அவ்வளவு அழகாக வேறெங்கும் நான் காணவில்லை. 1992இல் மறுபடியும் பாக்கியராஜ், சுந்தர காண்டம். மாணவி வாத்தியாரை விரும்புகிற கதை. அதை இதோடு விடுவோம்.

இந்தப் படங்களில் வாத்தியார் என்பவர் காதலுக்கு ஒரு சாட்டு. பள்ளிக்கூடம் பின்னால் நிற்கும் ஒரு கட்டடம், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தையே கதையாக்கிப் பெரிதாகப் பேசப்பட்ட படம் 1994இல் வந்த நம்மவர். கே. எஸ். சேதுமாதவன் இயக்கியது. அந்த வருடத்துச் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குத்தான் கிடைத்தது. குழப்படிக்காரக் கல்லூரி ஒன்றுக்குப் புதிதாக வருகிற சரித்திர விரிவுரையாளர் செல்வமாகக் கமலஹாசன். அவருக்குப் புற்றுநோய் இருக்கிறது, பிள்ளையளுக்குத் தெரியாது. கரண் நடித்த ரமேஷ் என்ற பணக்காரப் பொடியன் கல்லூரியையே ஆட்டிப்படைக்கிறான்.

எல்லோரும் கமலைப் பற்றித்தான் கதைப்பார்கள். எனக்கு அந்தப் படத்தில் வாத்தியார் என்றால் நாகேஷ்தான். பிரபாகர் ராவ் என்ற வயதான விரிவுரையாளர். அவர் புதிதாக வந்தவரில்லை, அங்கேயே கிடந்து காலம் கழித்தவர். பொடியளின் பகிடியைச் சகித்துக்கொண்டு, இடாப்புக் கூப்பிட்டு, பாடம் நடத்தி, வீட்டுக்குப் போகிறவர். மகள் தற்கொலை செய்துகொள்கிறாள். அந்தப் பிரேதத்துக்குப் பக்கத்தில் இருந்து அந்த மனிதர் கதைக்கிற கதையைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். எவ்வளவோ படத்தில் எங்களைச் சிரிக்க வைத்த நாகேஷுக்கு சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது இந்த வேடத்துக்குத்தான். ஒரு படம் முழுக்க அவரைப் பற்றியே எடுத்திருக்கலாம். ஆனால் எடுக்கமாட்டார்கள். ஏனென்றால் சினிமாவுக்கு வேண்டியது வெளியிலிருந்து வருகிற வாத்தியார்.

இதை ஒருக்கால் யோசித்துப் பாருங்கள். வாத்தியார் பஸ்ஸால் இறங்குவார். பள்ளிக்கூடம் சீர்கெட்டுக் கிடக்கும். பழைய ஆசிரியர்கள் கதிரையில் நித்திரை கொள்வார்கள். இவர் இரண்டரை மணித்தியாலத்தில் எல்லாவற்றையும் திருத்துவார். 2012இல் சாட்டை படத்தில் சமுத்திரக்கனி, 2019இல் ராட்சசியில் ஜோதிகா, 2021இல் மாஸ்டரில் விஜய். மாஸ்டரில் விஜய் படிப்பித்த நேரத்தைவிட அடிபட்ட நேரம்தான் கூட. பிரதாப முதலியார் காலத்தில் வாத்தியார் பிள்ளையை அடித்தார். இப்போது வாத்தியார் வில்லனை அடிக்கிறார். நல்ல முன்னேற்றம்!

இந்த வரிசையில் நான் தலை வணங்குகிற படம் ஒன்று உண்டு. 2011இல் சற்குணம் இயக்கிய வாகை சூட வா. அந்த ஆண்டுச் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் அதற்கே. கதை நடப்பது 1966இல், புதுக்கோட்டைப் பக்கத்தில், செங்கல் சூளையை நம்பிச் சீவிக்கிற ஒரு குக்கிராமத்தில். விமல் நடித்த வேலுத்தம்பி அங்கே போவது சேவை செய்ய அல்ல. கொஞ்சக்காலம் அங்கே படிப்பித்தால் ஒரு சான்றிதழ் கிடைக்கும், அதைக் காட்டினால் அரசாங்க உத்தியோகம் எடுக்கலாம். தகப்பனின் ஆசை அதுதான். (தகப்பனாக நடித்தவர் பாக்கியராஜ். 1983இல் தானே வாத்தியாராக வந்தவர் 2011இல் மகனை வாத்தியாராக்கப் பாடுபடுகிறார்.) பிள்ளையள் இவரைப் பேய்க்காட்டிவிட்டு கல் அறுக்கப் போய்விடும். தாய்தகப்பனுக்கும் படிப்பில் அக்கறையில்லை. பிறகுதான் இவருக்கு விளங்குகிறது: அறுத்த கல்லை எண்ணத் தெரியாதபடியால் அந்தச் சனம் வருடக்கணக்காக முதலாளியிடம் ஏமாந்துகொண்டிருக்கிறது. அங்கே கல்வி என்றால் அறிவொளி, ஞானம் என்ற பெரிய சொல்லெல்லாம் இல்லை. எத்தனை கல் என்று எண்ணுவது, அவ்வளவுதான். மணித்தியாலக் கணக்கில் கூலி வாங்கி, சம்பளச் சீட்டில் ஓவர்டைம் சரியாக விழுந்திருக்கிறதா என்று கூட்டிப் பார்க்கிற எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் காட்சி நன்றாக விளங்கும்.

எல்லாம் சரி, எங்கட வாத்திமார் எங்கே?

யாழ்ப்பாணத்தில் ஒருகாலம் சட்டம்பியார் என்பார்கள். பிறகு வாத்தியார், மாஸ்ரர், சேர், ரீச்சர். அவர்கள் பஸ்ஸால் இறங்கியவர்கள் இல்லை. ஊரிலேயே பிறந்து, அல்லது பக்கத்து ஊரில் பெண் எடுத்து, முப்பது வருடம் ஒரே பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள். தகப்பனுக்கும் படிப்பித்து மகனுக்கும் படிப்பித்தவர்கள். தந்தி வந்தால் வாசித்துச் சொல்லவும், கச்சேரிக்குப் பெட்டிசம் எழுதவும், காணிச் சண்டையை விலக்குப் பிடிக்கவும் சனம் அவர்களிடம்தான் போனது. பிறகு சண்டைக் காலத்தில் பள்ளிக்கூடம் அகதி முகாமாக மாறியபோது, மரத்தடியில் கரும்பலகையைச் சாத்தி வைத்து வகுப்பு நடத்தியவர்களும் அவர்கள்தான். நான் உயர்தரம் வரைக்குமாவது போனேன் என்றால் அப்படியானவர்களால்தான்.

எங்கட எழுத்தாளர்மாரிலும் கனபேர் வாத்திமார். எஸ். பொன்னுத்துரை படிப்பித்தவர், நைஜீரியா வரைக்கும் போய்ப் படிப்பித்தவர். மலையகத்தின் சி. வி. வேலுப்பிள்ளையும் படிப்பித்தவர்தான். அவர்கள் கமக்காரனை எழுதினார்கள், தோட்டத் தொழிலாளியை எழுதினார்கள், சாதிக் கொடுமையை எழுதினார்கள். தங்களைப் பற்றி எழுத நேரமில்லாமற் போய்விட்டது போலும். ஆற்றங்கரையில் தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணிய கதைதான்.

இலங்கைப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவரை உலகமே அறியும்படி எழுதியவர் ரொறன்ரோக்காரர் ஒருவர்: ஷியாம் செல்வதுரை. தகப்பன் தமிழர், தாய் சிங்களவர். 1983இன் பிறகு குடும்பத்தோடு கனடா வந்தவர். 1994இல் வெளியான அவருடைய ஃபன்னி போய் என்ற நாவலை 2020இல் தீபா மேத்தா படமாகவும் எடுத்தார். அதில் கொழும்புத் தமிழ்ப் பொடியன் அர்ஜியை தகப்பன் விக்ரோறியா அக்கடமி என்ற பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். அதிபருக்குப் பொடியள் வைத்த பட்டம் பிளாக் ரை, கறுப்புக் கழுத்துப்பட்டி. பிரம்பும் கையுமாகத் திரிகிற, வெள்ளைக்காரன் காலத்தை விட்டுப் போகமுடியாத மனிதர். அர்ஜி நேசிக்கிற ஷெஹான் என்ற பொடியனை அந்த மனிதர் பாடாய்ப் படுத்துகிறார், தலைமயிரையும் வெட்டிவிடுகிறார்.

வாசிக்கிற எங்களுக்கு அவரில் வெறுப்பு வரும். ஆனால் கதை அவ்வளவு இலேசாக விடாது. உப அதிபர் லொக்குபண்டார அந்தப் பள்ளிக்கூடத்தைச் சிங்கள பௌத்தப் பள்ளிக்கூடமாக மாற்றக் காத்திருக்கிறார். பிளாக் ரை விழுந்தால் அவர் வருவார். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அங்கே இருக்கிற கொஞ்ச இடமும் போய்விடும். பரிசளிப்பு விழாவில் இரண்டு ஆங்கிலக் கவிதைகளை மனப்பாடம் செய்து சொல்வது அர்ஜியின் வேலை. அதை வைத்துத்தான் அதிபர் தன் பேச்சையே தயாரித்திருக்கிறார். ஒழுங்காகச் சொன்னால் கொடுமைக்காரர் தப்புவார். குழப்பிச் சொன்னால் இனவாதி வெல்லுவார். அர்ஜி வேண்டுமென்றே குழப்பிச் சொல்கிறான். இது சரியா பிழையா என்று எங்கட தொழிற்சாலையில் இரவு வேலை இடைவேளையில் ஒரு பெரிய வாக்குவாதமே நடந்தது. இனத்துக்காகப் பொறுத்திருக்கவேண்டும் என்றார் ஒருவர். அடிவாங்கினவனுக்குத்தான் அடியின் வலி தெரியும் என்றார் இன்னொருவர். பொடியனின் பக்கம்தான் என்னுடைய வாக்கு. ஆனால் மற்றவர் சொன்னதையும் என்னால் தூக்கி எறிய முடியவில்லை.

எங்கட பிள்ளையளுக்கு இஞ்சை வேறு வாத்திமார். ரொறன்ரோ நெல்வானா கொம்பனி 1994இலிருந்து 1997வரை தயாரித்த மஜிக் ஸ்கூல் பஸ் கார்ட்டூனில் வரும் மிஸ் பிரிசில், வகுப்பையே பஸ்ஸில் ஏற்றி ஒரு பொடியனின் வயிற்றுக்குள் கொண்டுபோவா. ஹரி பொட்டரில் டம்பிள்டோரும் ஸ்னேப்பும். ரொறன்ரோவில் எடுத்த டிகிராசி தொடரில் 1987இல் மாணவனாக வந்த ஸ்னேக் என்ற பொடியன், 2001இல் தொடங்கிய புதிய தொடரில் அதே பள்ளிக்கூடத்துக்கு மிஸ்ரர் சிம்சன் என்ற வாத்தியாராகத் திரும்பி வருவான், அதே நடிகர்தான். படித்த இடத்திலேயே படிப்பிக்கிற அந்த வாத்தியார் எங்கட ஊர் வழக்கத்துக்குக் கொஞ்சம் கிட்ட வருகிறார். பிள்ளையளுக்கு இவர்களில் ஆசை, அதில் பிழையில்லை. ஆனால் தமிழ் வாத்தியார் என்றால் படங்களில் பிரம்போடு வந்து பகிடிக்கு ஆளாகிற ஒருவரை மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். அவர்களுடைய அப்பப்பாவே ஊரில் வாத்தியாராக இருந்திருப்பார். அது ஒரு கதையென்று ஆரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அகதியாக வந்த வாத்தியாருக்கு என்ன நடக்கிறது என்பதை எழுதியவர்கள் குறைவு. மறுபக்கக் கதை ஒன்று உண்டு. பிரித்தானியக் கயானாவில் பிறந்த ஈ. ஆர். பிரைத்வெயிற், உலக யுத்தத்தில் பிரித்தானிய விமானப் படையில் இருந்த எஞ்சினியர். யுத்தம் முடிய, கறுப்பர் என்றபடியால் லண்டனில் எஞ்சினியர் வேலை கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் ஏழைப் பகுதிப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் படிப்பிக்கப் போனார். அதை வைத்து 1959இல் அவர் எழுதியது ரூ சேர் வித் லவ். 1967இல் சிட்னி பொய்ற்றியர் நடித்துப் படமானது. நம்மவர் பார்த்தவர்கள் அதையும் பார்த்தால் சில காட்சிகளில் புன்னகைப்பார்கள். அங்கே எஞ்சினியர் வாத்தியாரானார். இஞ்சை வாத்தியார் என்னவானார்? எங்கட தொழிற்சாலையில் ஊரில் கணிதம் படிப்பித்த ஒருவர் இருந்தார். பெட்டி ஒட்டுகிற லைனில் நின்றவர், இப்போது பென்சன். நாங்கள் தமிழர் எல்லோரும் அவரைச் சேர் என்றே கூப்பிட்டோம். அதைக் கேட்டு வியட்நாம்காரரும் பிலிப்பினோக்காரரும் அதுதான் அவருடைய பெயர் என்று நினைத்துச் சேர் என்றே கூப்பிட்டார்கள்.

2011இல் கியூபெக்கில் பிலிப் பலார்டோ எடுத்த மொன்சியூர் லசார் என்ற பிரெஞ்சுப் படத்தை எம்மவர் கட்டாயம் பார்க்கவேண்டும். மறு வருடம் ஒஸ்கார் போட்டிவரை போன படம். மொன்றியலில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடம். வகுப்பு ரீச்சர் வகுப்பறையிலேயே தூக்குப் போட்டு இறந்துவிடுகிறா. பால் கொண்டுவந்த பொடியன் கண்டுவிடுகிறான். அந்த இடத்துக்கு வேறு ஒருவரும் வரப் பின்வாங்குகிற நேரத்தில், அல்ஜீரியாவிலிருந்து வந்த பஷீர் லசார் தானாகவே வந்து நிற்கிறார். ஊரில் 19 வருடம் படிப்பித்தேன் என்கிறார். வந்தவுடன் வட்டமாகக் கிடந்த மேசைகளை நேர் வரிசையாக்குகிறார். பிள்ளையளுக்குக் கடினமான சொல்வதெழுதுதல் வைக்கிறார். குழப்படி செய்தவனுக்குத் தலையில் ஒரு தட்டு விழுகிறது. இஞ்சை பிள்ளையைத் தொடவே கூடாது என்று அதிபர் கண்டிக்கிறா. அப்படியே எங்கட வாத்தியார்!

ஆனால் அவர் வாத்தியார் இல்லை. வாத்தியாராக இருந்தது அவருடைய மனைவி. எழுதிய புத்தகத்துக்காக மிரட்டப்பட்டு, இவரிடம் வந்து சேரப் புறப்படவிருந்த நேரத்தில், பிள்ளைகளோடு தீயில் இறந்துபோனவ. இவர் தனது அகதி வழக்குக்கு அலைந்துகொண்டே, மனைவியின் வேலையைச் செய்துகொண்டிருக்கிறார். தங்கட ரீச்சரின் சாவைப் பற்றிக் கதைக்க அந்தப் பிள்ளையளை ஒருவரும் விடவில்லை, அதற்கென்று வந்த உளவியல் நிபுணரோடு கதைத்தால் போதும் என்கிறார்கள். சாவைக் கண்ட இந்த அகதிதான் பிள்ளையளைக் கதைக்க விடுகிறார். வழக்கு வெல்கிறது, ஆனால் பொய் வெளியாகி வேலை போகிறது. கடைசியாக ஒரு வகுப்பு மட்டும் கேட்டு வாங்குகிறார்.

இன்னொரு கதையையும் சொல்லவேண்டும். மொஸ்கோவில் அச்சிட்டு மலிவு விலையில் எங்கட ஊர்களுக்கு வந்த புத்தகங்களில், கிர்கீசிய எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் முதல் ஆசிரியர் ஒன்று. அவர் அதை எழுதியது 1962இல். சிங்களத்தில் இது குரு கீதய என்ற பெயரில் வந்து பெரிய அளவில் வாசிக்கப்பட்டது. 2015இல் சிங்களப் படமாகவும் வந்தது. வேலிக்கு இரண்டு பக்கத்துச் சனமும் ஒரே வாத்தியாரை நினைத்துக் கண் கலங்கியிருக்கிறது என்பதை நான் இஞ்சை வந்த பிறகுதான் அறிந்தேன்.

1924. மலைக் கிராமம் ஒன்று. துய்ஷேன் என்ற இளைஞன் பழைய குதிரை லாயத்தைத் துப்புரவாக்கிப் பள்ளிக்கூடமாக்குகிறான். அவனுக்கே எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கத் தெரியும். பனி உறைகிற ஆற்றில் பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு அக்கரை விடுகிறான். அல்தினாய் என்ற அநாதைப் பிள்ளையை உறவினர்கள் இரண்டாம் தாரமாக விற்கும்போது தடுக்கப்போய்க் கை முறிகிறது. பிறகும் போய் மீட்டுக்கொண்டு வந்து, அவளைப் பட்டணத்துக்குப் படிக்க அனுப்புகிறான்.

அல்தினாய் பெரிய கல்விமானாகிறா. பல வருடம் கழித்து அதே கிராமத்தில் புதிய பள்ளிக்கூடத் திறப்பு விழா. அவதான் பிரதம விருந்தினர். மண்டபத்தில் விருந்து, பேச்சு, கைதட்டல். வாழ்த்துத் தந்திகள் வந்திருப்பதாகத் தகவல் வருகிறது. குதிரையில் கொண்டுவந்தவர் ஊர்த் தபால்காரர், ஒரு கிழவன். அந்தக் காலத்தில் அவரும் வாத்தியாராக இருந்தவராம் என்று ஆரோ பகிடி சொல்ல எல்லோரும் சிரிக்கிறார்கள். உள்ளே வந்து இருங்கோ என்று சொல்லி அனுப்பினால், அவர் ஏற்கெனவே போய்விட்டார். அன்றைக்குக் கொடுத்து முடிக்கவேண்டிய தபால் இன்னும் இருந்ததாம்.